பாத்திரங்கள் டிஸ்னியிடம், கைப்பக்குவம் பிக்ஸாரிடம்

கேள்வி இதுதான்: மிக்கி மவுஸ் காலத்திலிருந்து கார்ட்டூன் படம் எடுத்துவரும் டிஸ்னி, 2006-இல் 740 கோடி டாலர் கொடுத்துப் பிக்ஸார் என்ற கணினி அனிமேஷன் ஸ்டுடியோவை ஏன் வாங்கியது? அதற்கு முன்பே பிக்ஸார் படங்கள் எல்லாம் டிஸ்னி பெயரோடுதானே வெளிவந்தன? வாங்கியதால் யாருக்கு என்ன பயன்?

இரண்டாவது கேள்வியைப் பலர் போகிறபோக்கில் கேட்டுவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். உண்மையில் விடை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. டாய் ஸ்டோரி முதல் கார்ஸ் வரை பிக்ஸார் எடுத்த ஏழு படங்களின் பாத்திரங்களும் ஒப்பந்தப்படி டிஸ்னிக்கே சொந்தம். பொம்மை விற்பது, பூங்காவில் ஊர்வலம் விடுவது, இரண்டாம் பாகம் மூன்றாம் பாகம் எடுப்பது என எல்லா உரிமையும் ஏற்கெனவே டிஸ்னி கையில் இருந்தது. பிக்ஸார் வர மறுத்தால், ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு டிஸ்னி தனியாகவே அடுத்த பாகம் எடுத்துக்கொள்ளலாம். அப்படி இருக்க, 740 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்கியது எதை?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1983 வாக்கில் டிஸ்னியில் ஜான் லாசெட்டர் என்று ஓர் இளம் அனிமேட்டர் இருந்தார். கணினியில் வரைந்த பின்னணிக்கு மேல் கையால் வரைந்த பாத்திரங்கள் ஓடினால் எப்படியிருக்கும் என்று, சிறுவர் படக்கதை ஒன்றை வைத்து அவரும் கிளென் கீனும் ஒரு சோதனைத் துணுக்கு செய்தார்கள். கணினிப் பகுதியைச் செய்து கொடுத்தது மேகி என்ற நியூயார்க் பக்கத்து நிறுவனம். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும். அதே முறையில் ஒரு டோஸ்டரைக் கதாநாயகனாக வைத்து முழுப்படம் எடுக்கலாம் என்று லாசெட்டர் மேலதிகாரிகளிடம் போய்க் கதை சொன்னார். கணினியால் செலவு குறையுமா, நேரம் குறையுமா என்று கேட்டார்கள். குறையாது என்றதும் கூட்டம் முடிந்தது. சில நிமிடங்களில் அவர் வேலையும் முடிந்தது.

வேலை போனவர், ஸ்டார் வார்ஸ் எடுத்த ஜார்ஜ் லூகாஸின் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில், கணினிப் பிரிவின் தலைவர் எட் கேட்மலிடம் போய்ச் சேர்ந்தார். அந்தப் பிரிவைத்தான் 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, முதலீடாக இன்னொரு 50 லட்சம் போட்டு, பிக்ஸார் என்ற தனி நிறுவனமாக்கினார். ஆரம்பத்தில் அது படம் எடுக்கும் நிறுவனமே அல்ல. படங்களைக் கையாளும் கணினியை விற்ற நிறுவனம். அந்தக் கணினி சரியாக விற்கவில்லை. வாங்கிய ஒருசிலரில் முக்கியமானவர் யார் என்றால், சாட்சாத் டிஸ்னி. கையால் வரைந்த படங்களுக்கு வண்ணம் தீட்ட இருவரும் சேர்ந்து உருவாக்கிய கணினி முறையில்தான் 1990-களின் புகழ்பெற்ற டிஸ்னி படங்கள் தயாராயின. ஜாப்ஸ் சுமார் 5 கோடி டாலர் சொந்தப் பணத்தைக் கொட்டிய பிறகும் லாபம் என்ற பேச்சே இல்லை. லாசெட்டர் எடுத்த குறும்படங்கள் கணினியை விற்பதற்கான மாதிரிகள்தாம். அவற்றில் ஒன்று ஆஸ்கர் வாங்கியது.

1991-இல் டிஸ்னி மூன்று படங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. பணம் டிஸ்னியுடையது, உரிமை டிஸ்னியுடையது, பிக்ஸாருக்கு வருமானத்தில் சிறு பங்கு. 1995 நவம்பரில் டாய் ஸ்டோரி வந்தது. ஒரு வாரம் கழித்துப் பிக்ஸார் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. 22 டாலருக்கு வந்த பங்கு அன்றே 39-இல் முடிந்தது. அந்தப் பணத்துக்காக ஜாப்ஸ் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. 'பாதிச் செலவை நான் போடுகிறேன், பாதி லாபத்தைக் கொடு' என்று டிஸ்னியிடம் கேட்கக் கையில் பணம் வேண்டும். 1997-இல் அப்படியே புது ஒப்பந்தம் வந்தது. ஐந்து படங்கள், செலவும் லாபமும் சரிபாதி, விநியோகக் கட்டணம் தனியாக டிஸ்னிக்கு. ஆனால் பாத்திரங்களின் உரிமை மட்டும் டிஸ்னியை விட்டு அசையவில்லை. இரண்டாம் பாகம் எடுத்தால் அது ஐந்தில் ஒன்றாகக் கணக்கில் வராது என்றும் ஒரு விதி. டாய் ஸ்டோரி 2-ஐ உயிரைக் கொடுத்து எடுத்துவிட்டு, இது கணக்கில் சேராது என்று கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஐந்து படக் கணக்கை முடிக்கப் பிக்ஸார் 2006 வரை உழைக்க வேண்டியிருந்தது.

பிறகு வந்தது இரண்டு பெரிய மனிதர்களின் வீம்பு. டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் 2002-இல் அமெரிக்க செனட் குழு முன் பேசியபோது, ஆப்பிள் விளம்பரம் ஒன்றைச் சுட்டி, இது திருட்டை ஊக்குவிக்கிறது என்றார். ஆப்பிளை நடத்தியவரும் ஜாப்ஸ், பிக்ஸாரை நடத்தியவரும் ஜாப்ஸ். கூட்டாளியை இப்படிச் சபையில் வைத்துச் சாடினால் உறவு என்னவாகும்? அடுத்த ஆண்டு ஃபைண்டிங் நீமோ வெளியாகும் முன்பு, இது முந்தைய படங்கள் அளவுக்கு இல்லை, ஓடாவிட்டால் பிக்ஸாருக்குப் புத்தி வரும் என்ற தொனியில் ஐஸ்னர் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. அந்தப் படமோ அதுவரை வந்த அனிமேஷன் படங்களிலேயே அதிக வசூலைக் குவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு டிஸ்னி சொந்தமாக எடுத்த டிரெஷர் பிளானட்டுக்குச் செலவு சுமார் 14 கோடி டாலர், உலகம் முழுக்க வசூல் சுமார் 11 கோடி.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தபோது ஜாப்ஸ் கேட்டது, படங்கள் எங்களுக்கே சொந்தம், நீங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு விநியோகம் மட்டும் செய்யுங்கள் என்பது. எடுத்துக்கொண்டிருந்த இரண்டு படங்களுக்கும் அதே கணக்கு வேண்டும் என்றார். ஐஸ்னர் ஒப்பவில்லை. 2004 ஜனவரியில் பேச்சு முறிந்தது. அதே ஆண்டில் டிஸ்னி ஒரு காரியம் செய்தது. கலிபோர்னியாவின் கிளெண்டேலில் சர்க்கிள் 7 என்ற புது ஸ்டுடியோவைத் திறந்து, பிக்ஸார் இல்லாமலேயே டாய் ஸ்டோரி 3-க்குக் கதை பண்ண ஆள் வைத்தது. உரிமை கையில் இருக்கிறது, வேண்டுமானால் நாங்களே சமைத்துக்கொள்வோம் என்ற மிரட்டல்தான் அது. பழுதான பஸ் லைட்இயர் பொம்மையைத் தைவான் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்புவதாக ஒரு கதைகூடத் தயாரானது.

இங்கேதான் நான் சொல்லவரும் விஷயம். தமிழில் 'பாத்திரம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது இந்த விவகாரத்துக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. பாத்திரம் எல்லாம் டிஸ்னி வீட்டுச் சமையலறையில் அடுக்கியிருந்தது. இல்லாதது கைப்பக்குவம். சர்க்கிள் 7-இல் இருந்தவர்கள் ஒன்றும் வேலை தெரியாதவர்கள் அல்லர். ஆனால் ஒரு கதையை நான்கு முறை கிழித்துப்போட்டு ஐந்தாவது முறை தேற்றுகிற பழக்கம், இயக்குநரின் முகத்துக்கு நேராகக் குறை சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிடுகிற சபை, இவையெல்லாம் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவிலும் எழுதப்படாதவை. அவை கலிபோர்னியாவின் எமரிவில்லில் பிக்ஸார் கட்டடத்துக்குள் இருந்த சில நூறு பேரின் பழக்கமாக மட்டுமே இருந்தன.

இதை டிஸ்னிக்குள் முதலில் உணர்ந்தவர், ஐஸ்னருக்கு அடுத்த நிலையில் இருந்த பாப் ஐகர். ஐஸ்னரின் ஆட்சி ஆட்டம் கண்டிருந்தது. வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய், 2003 இறுதியில் இயக்குநர் குழுவிலிருந்து விலகி வெளிப்படையாகவே போர் தொடுத்தார். 2004 மார்ச்சில் பங்குதாரர் கூட்டத்தில் 43 சதவீத வாக்குகள் ஐஸ்னருக்கு ஆதரவளிக்க மறுத்தன. 2005 அக்டோபரில் ஐகர் தலைமைக்கு வந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பரில், ஹாங்காங் டிஸ்னிலேண்டின் திறப்பு விழா. முன்வரிசையில் நின்று ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஐகருக்கு ஒன்று உறைத்தது. பழைய காலத்துப் பாத்திரங்கள் போகிறார்கள், 1990-களின் தொடக்கத்துப் பாத்திரங்கள் போகிறார்கள், அதன் பிறகு போவது எல்லாம் பிக்ஸார் பாத்திரங்கள். கடந்த பத்தாண்டில் டிஸ்னி தானாகப் பெற்ற பிள்ளை ஒன்றுகூட அந்த ஊர்வலத்தில் இல்லை. இதை அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆலோசகர்களின் அறிக்கை நூறு பக்கம் சொல்வதை ஒரு தெரு ஊர்வலம் சொல்லிவிட்டது.

முதலில் அவர் ஜாப்ஸுடன் சமாதானம் செய்துகொண்டார். அந்த அக்டோபரிலேயே வீடியோ ஐபாடில் டிஸ்னியின் ஏபிசி தொலைக்காட்சித் தொடர்களை விற்க ஒப்புக்கொண்டு, ஜாப்ஸோடு மேடையில் நின்றார். பிறகுதான் வாங்கும் பேச்சை எடுத்தார். ஆப்பிள் அலுவலகத்தில் இருவரும் சந்தித்தார்கள். அறையில் இருபத்தைந்து அடி நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. ஒருபக்கம் நன்மை, ஒருபக்கம் தீமை என்று எழுதலாம் என்றார் ஜாப்ஸ். தீமைகளின் வரிசையில் அவர் எழுதிய முதல் வரி, டிஸ்னியின் கலாசாரம் பிக்ஸாரை அழித்துவிடும் என்பது. தீமைகள் மளமளவென்று நீண்டன. நன்மைப் பக்கம் சில வரிகள்தாம். ஐகர் நம்பிக்கை இழந்துவிட்டார். ஜாப்ஸோ, கனமான நாலு நன்மை இருந்தால் இத்தனை தீமையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்ற மாதிரி பேசிப் பேச்சைத் தொடர்ந்தார்.

2006 ஜனவரி 24 அன்று அறிவிப்பு. பணமாக எதுவும் கைமாறவில்லை. ஒவ்வொரு பிக்ஸார் பங்குக்கும் 2.3 டிஸ்னி பங்குகள். பிக்ஸார் கையிருப்பில் இருந்த 100 கோடிக்கும் மேற்பட்ட டாலரும் கூடவே வந்ததால், நிகர விலை 630 கோடி என்று சொல்லலாம். அப்படிப் பார்த்தாலும், ஆறு படம் மட்டுமே வெளியிட்டிருந்த, ஆயிரம் ஊழியர்கள்கூட இல்லாத ஸ்டுடியோவுக்கு இது அநியாய விலை என்று வால் ஸ்ட்ரீட்டில் பலர் சொன்னார்கள். பிக்ஸாரில் பாதிக்குச் சற்று மேல் ஜாப்ஸிடம் இருந்ததால், அவர் டிஸ்னியில் ஏறத்தாழ 7 சதவீதப் பங்கோடு மிகப்பெரிய தனிப் பங்குதாரரானார். ஐஸ்னரிடம் இருந்ததைவிட அது பல மடங்கு. யார் யாரை வாங்கினார்கள் என்று அன்று கேலியாகக் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்த அறிவிப்புக்குச் சற்று முன்பு நடந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. எமரிவில் வளாகத்தில் ஐகரை நடக்க அழைத்துப்போன ஜாப்ஸ், தன் புற்றுநோய் திரும்பிவிட்டது, வேண்டுமானால் இப்போதே விலகிக்கொள்ளலாம் என்றார். ஐகர் கையிலிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வாங்குவது ஜாப்ஸை அல்ல, பிக்ஸாரை என்று முடிவுசெய்து ஒப்பந்தத்தைத் தொடர்ந்தார். சரியான கணக்குதான். கைப்பக்குவம் இருந்த கைகள் கேட்மலுடையதும் லாசெட்டருடையதும், அவர்களைச் சுற்றியிருந்தவர்களுடையதும்.

அந்தக் கைகளைக் கட்டிப்போடாமல் இருக்க என்ன செய்தார்கள் என்பதில்தான் இந்தக் கொள்முதலின் சூட்சுமம் இருக்கிறது. பிக்ஸாரில் எவையெல்லாம் மாறக்கூடாது என்று ஏழு பக்கத்துக்கு ஒரு பட்டியல் எழுதி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்டார்கள். கேட்மல் தன் நூலில் இதைப் பற்றி எழுதுகிறார். ஊழியர்கள் தங்கள் அறையை இஷ்டப்படி அலங்கரித்துக்கொள்ளலாம், விசிட்டிங் கார்டில் விரும்பிய பதவிப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பது வரை அதில் இருந்தது. வாசலில் பிக்ஸார் என்ற பெயர்ப் பலகை அப்படியே இருக்கும். படிக்கும்போது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கிய பிறகு நடப்பதை உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் மாறுவது அடையாள அட்டை, அடுத்தது விடுப்பு விண்ணப்பம், அதற்கடுத்தது மனநிலை. பெரிய கொள்கை முடிவுகளால் விலகுகிறவர்களைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளால் விலகுகிறவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

அதைவிட முக்கியமான முடிவு, இரண்டு ஸ்டுடியோக்களையும் ஒன்றாக்காமல் விட்டது. கேட்மல் இரண்டுக்கும் தலைவர், லாசெட்டர் இரண்டுக்கும் படைப்புத் தலைவர். 1983-இல் துரத்தப்பட்டவர் அதே வீட்டுக்கு எஜமானராகத் திரும்பினார். தெற்கே பர்பேங்கில் டிஸ்னி, வடக்கே எமரிவில்லில் பிக்ஸார். ஒரு ஸ்டுடியோ எவ்வளவு நெருக்கடியில் இருந்தாலும் மற்றதிலிருந்து ஆளைக் கடன் வாங்கக்கூடாது என்று விதி வைத்தார்கள். செலவைக் குறைக்கத்தானே நிறுவனங்களை வாங்குவார்கள், இது என்ன தலைகீழ் வழக்கம் என்று தோன்றும். அவர்கள் நினைத்தது வேறு. கடன் வாங்கிப் பிழைத்தால் டிஸ்னிக்காரர்களுக்குத் தங்கள் படத்தைத் தாங்களே தேற்றினோம் என்ற எண்ணம் வராது.

டிஸ்னிக்குள் அவர்கள் கண்ட நோய் கைத்திறன் குறைவு அல்ல. அதிகாரிகள் அடுக்கடுக்காகக் குறிப்பு எழுதி அனுப்புவார்கள், இயக்குநர் எல்லாவற்றையும் நிறைவேற்ற வேண்டும். எந்தக் குறிப்பும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. செலவைக் கண்காணிக்கவென்றே தனிக் குழு ஒன்று இருந்தது. அதை எடுத்தார்கள். கட்டாயக் குறிப்புகளையும் எடுத்தார்கள். இயக்குநர்களே ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேசும் சபை ஒன்றைப் பிக்ஸார் பாணியில் அமைத்தார்கள். சர்க்கிள் 7 இழுத்து மூடப்பட்டது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோரை டிஸ்னியின் சொந்த ஸ்டுடியோ எடுத்துக்கொண்டது. நேரடியாக டிவிடிக்கு மலிவாக எடுத்துத் தள்ளிய இரண்டாம் பாகங்களும் நிறுத்தப்பட்டன.

பலன் உடனே வரவில்லை. போல்ட் படத்தை லாசெட்டர் மாற்றச் சொன்னதில், முதலில் அதை உருவாக்கிய கிறிஸ் சாண்டர்ஸ் வெளியேற்றப்பட்டார். அவர் டிரீம்வொர்க்ஸுக்குப் போய், 2010-இல் கூட்டு இயக்குநராக ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன் எடுத்தார். போட்டியாளருக்கு லட்டாகக் கிடைத்த படம் அது. மீட்பரும் பிசகுவார். ஆனால் அதே 2010-இல் டாங்கில்ட், 2012-இல் ரெக்-இட் ரால்ஃப், 2013-இல் ஃப்ரோஸன் என்று டிஸ்னி எழுந்தது. முழுநீள அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோ முதன்முதலாக வாங்கியது ஃப்ரோஸனுக்குத்தான். அதற்குள் பிக்ஸார் ஏழு வாங்கியிருந்தது. ஃப்ரோஸன் எடுத்தவர்கள் டிஸ்னிக்காரர்கள், எமரிவில்லிலிருந்து இறக்குமதி ஆனவர்கள் அல்லர். 740 கோடியில் வாங்கிய பொருள் வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐகருக்கு இன்னொரு லாபமும் உண்டு. இவரை நம்பி விற்கலாம் என்ற பெயர் கிடைத்தது. 2009-இல் மார்வெல், 2012-இல் 405 கோடி டாலருக்கு லூகாஸ்ஃபிலிம் என்று வரிசையாக வந்தன. ஒரு வேடிக்கை: 1986-இல் லூகாஸ் 50 லட்சத்துக்கு வெட்டி விற்ற கிளை, பின்னாளில் முழு மரத்தைவிட அதிக விலைக்குப் போனது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பிக்ஸாரின் பக்கம் பாருங்கள். விற்பதற்கு முன் எடுத்த ஏழு படங்களில் ஒன்றுதான் தொடர்ச்சி. 2010 முதல் 2019 வரை எடுத்த பதினொன்றில் ஏழு, பழைய படங்களின் அடுத்த பாகமோ முந்தைய கதையோ. உரிமையாளருக்கு ஊர்வலத்தில் விடப் பாத்திரங்கள் வேண்டும் அல்லவா? ஊழியர்களுக்கும் கணக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. ஒருவர் ஆளை மற்றவர் இழுப்பதில்லை என்று ஸ்டுடியோக்கள் தங்களுக்குள் பேசிவைத்துச் சம்பளத்தை உயரவிடாமல் தடுத்தன என்று அனிமேஷன் கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2017-இல் டிஸ்னி, பிக்ஸார், லூகாஸ்ஃபிலிம் மூன்றும் சேர்ந்து 10 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. அதே ஆண்டு நவம்பரில், ஊழியர்களிடம் அத்துமீறி நடந்துகொண்டதாக எழுந்த புகார்களைத் தொடர்ந்து லாசெட்டர் விடுப்பில் போனார். 2018 இறுதியோடு டிஸ்னியை விட்டே விலகினார். பெருந்தொற்றுக் காலத்தில் பிக்ஸாரின் மூன்று படங்கள் அமெரிக்கத் திரையரங்குகளைத் தொடாமல் நேராக டிஸ்னி பிளஸ் தளத்துக்குப் போயின. 2024 மே மாதம் பிக்ஸாரில் சுமார் 14 சதவீதம் பேர் வேலை இழந்தனர். அடுத்த மாதமே வெளியான இன்சைட் அவுட் 2 ஏறத்தாழ 170 கோடி டாலர் வசூலித்தது. அதுவும் இரண்டாம் பாகம்தான்.

ஆனாலும் பிக்ஸார் இன்னும் பிக்ஸாராக இருக்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, டிஸ்னி வாங்கிய இன்னொரு போட்டி ஸ்டுடியோவைப் பார்த்தால்தான் புரியும். மேகி என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அங்கே வேலை பார்த்தவர்கள் சிலர் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஸ்டுடியோ ப்ளூ ஸ்கை. ஐஸ் ஏஜ் படங்களை எடுத்தவர்கள். 2019-இல் டிஸ்னி 7,130 கோடி டாலருக்கு 21-ஆம் நூற்றாண்டு ஃபாக்ஸின் சொத்துகளை வாங்கியபோது, பெரிய வீட்டை வாங்கினால் கூடவே வரும் கொட்டகையைப் போல ப்ளூ ஸ்கையும் வந்து சேர்ந்தது. இதற்கு ஏழு பக்கப் பட்டியல் யாரும் எழுதவில்லை. ஏற்கெனவே இரண்டு ஸ்டுடியோ இருக்கும்போது மூன்றாவது எதற்கு? 2021 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்தார்கள், ஏப்ரலில் மூடினார்கள். சுமார் 450 பேர் வேலை இழந்தார்கள். பாதியில் நின்ற நிமோனா படம் வேறு கைகளுக்குப் போய், நெட்ஃபிளிக்ஸில் வெளியாகி, ஆஸ்கர் பரிந்துரை வரை வந்தது. ஐஸ் ஏஜ் பாத்திரங்களை மட்டும் டிஸ்னி வைத்துக்கொண்டது. 2022 ஜனவரியில் வேறு ஆட்களை வைத்து ஒரு படமும் எடுத்து வெளியிட்டது. ஐஸ்னர் டாய் ஸ்டோரிக்குச் செய்ய நினைத்தது இதைத்தான்.

அந்தப் படங்களில் ஸ்க்ராட் என்றொரு அணில் உண்டு. 2002 முதல் ஒரே ஓர் ஓக் கொட்டையைத் துரத்திக்கொண்டே இருக்கும், ஒருபோதும் நிம்மதியாகத் தின்றதில்லை. ஸ்டுடியோ மூடி ஓராண்டு கழித்து, 2022 ஏப்ரலில், ப்ளூ ஸ்கை கலைஞர்கள் தங்கள் கடைசி நாட்களில் செய்துவைத்திருந்த அரை நிமிட வீடியோ ஒன்று இணையத்தில் வந்தது. பனிவெளியில் ஸ்க்ராட் கொட்டையோடு நிற்கிறது. ஏதாவது பிளக்கும், ஏதாவது உருளும் என்று பழக்கத்தில் காத்திருக்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை. அது கொட்டையைக் கடித்து மென்று தின்றுவிட்டுத் திரையை விட்டுப் போய்விடுகிறது.